மெஷின் மேல் எழுதியிருந்தது

கொரிய எழுத்து எனக்குப் படிக்க வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் அதிகம் சொல்வதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான், அதுவும் கன்னட வழியில். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பா தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்தார். தமிழ் எழுத்தை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா கொண்டுவரும் வெற்றிலையையும் பூவையும் சுற்றிய தாள்களில் பாதி, தமிழ் வாரப் பத்திரிகைத் தாள்கள். அவற்றைப் பிரித்து, நீவி, வீட்டில் பேசும் சொல் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி நானே படித்துக்கொண்டேன். யாரிடமும் கேட்க வெட்கம். அந்த வெட்கம் எனக்குச் சில நல்லதும் செய்திருக்கிறது. நான் எழுத வந்தது அது செய்த கெடுதலைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஓர் எம்பிராய்டரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ரவிக்கைத் துணிக்கும் சேலைக் கரைக்கும் பூவேலை போட்டுத் தரும் சின்ன கம்பெனி. நாங்கள் பதினான்கு பெண்கள். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் முதலாளி கொரியாவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வரவழைத்தார். நீளமான மேஜை, அதன் மேல் வரிசையாகப் பன்னிரண்டு தையல் தலைகள். ஹெட் என்போம். ஒரே பூவைப் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் தைக்கும். அதை மாட்டி ஓட்டிக் காட்ட ஒரு கொரியா ஃபிட்டரும் வந்தார். முப்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டை, மேல் பட்டன்வரை போட்டிருப்பார். ஆங்கிலம் எங்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது அவருக்கு. நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுவார். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கும்போதுகூட வலது கையால் நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தாங்கிக்கொள்வார். அவர்கள் ஊரில் அது மரியாதையாம்.

அந்த மெஷினில் என்னோடு இருந்தவர் ஓர் அக்கா. ஹனூருக்கு அப்பால் ராமாபுரத்துக்காரர். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் மைசூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்கு இருந்தது அக்காவின் வேலை ஒன்றுதான், அதுவும் தற்காலிகம். தசரா முடிந்ததும் நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அக்கா அதையே நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பேசாதவள். அவர் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவர். ஃபிட்டர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதையாவது நீட்டும்போதெல்லாம் என் காதில் சொல்வார்: “பாவம், கை வலி போல இருக்குது அம்மிணி. தைலம் கீது குடுக்கலாமா?”

மெஷினோடு நூல் பெட்டிகளும் வந்திருந்தன. அட்டையில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் கொரிய எழுத்து. முதலில் எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. சின்னச் சின்னச் சதுரங்களில் போட்ட படம் போலத் தெரிந்தது. ஆங்கிலத்தில் நூல் என்று வரும் இடத்திலெல்லாம் மறுபக்கத்தில் ஒரே சதுரம் திரும்பத் திரும்ப வந்தது. மேலே இடப்பக்கம் காலை அகட்டி நிற்கும் ஆள் போல ஒன்று. அதற்கு வலப்பக்கம் ஒரு குச்சி. இரண்டுக்கும் அடியில், மடித்து வைத்த ரிப்பன் போல ஒன்று.

சாப்பாட்டு நேரத்தில் ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். அங்கே இரண்டு சதுரங்கள். இரண்டாவதன் அடியில் அதே ரிப்பன். எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு. முதலாவதில் அதே குச்சி. இரண்டாவதில் ரிப்பன் இருந்தது, ஆனால் உச்சியில். படமாக இருந்தால் நூலிலும் ஊசியிலும் எண்ணெயிலும் ஒரே ரிப்பன் எதற்கு வருகிறது? இவர்கள் எழுத்துகளை அடுக்கி வைக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அன்று சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவேயில்லை.

அட்டைப்பெட்டி ஓரத்தில் சாக்கட்டியால் அந்தச் சதுரத்தை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபிட்டர் பின்னால் நின்றிருந்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்கட்டியை வாங்கி அதே சதுரத்தை மெதுவாகப் போட்டுக் காட்டினார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். பிறகு நூல்கண்டைத் தொட்டு “ஷில்” என்றார். அகட்டிய கால் ஷ. குச்சி இகரம். ரிப்பன் ல்.

அதன்பின் ஐந்தாறு நாள், சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம். கல்யாணமாகாத பெண் வேற்று நாட்டு ஆளோடு உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று தெரியும். அக்காவே வந்து இருவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். “நீ படிச்சுக்க அம்மிணி. நான் இங்க சோறு திங்கறேன். எவளாவது கேட்டா, எனக்குத்தான் பாடம்னு சொல்லிக்கறேன்.”

கற்றது கொஞ்சம்தான். ஒவ்வொரு சதுரமும் ஓர் அசை. நம் உயிர்மெய் போல ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர வேண்டும். உயிரில் நிற்கும் குச்சிகள் உண்டு, படுத்த குச்சிகளும் உண்டு. நிற்பவை மெய்யின் வலப்பக்கம் வரும். படுத்தவை மெய்யின் கீழே வரும். நாம் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதும் மெய்யை அவர்கள் அந்தச் சதுரத்தின் அடியிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் ஒத்தெழுத்தாகக் கீழே தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாக இல்லை. கை என்பதற்கு “சோன்”. அதே அகட்டிய கால், அதன் கீழே படுத்த குச்சி, அதற்கும் கீழே ன்.

உயிர் மட்டும் தனியாக நிற்க அவர்கள் விடுவதில்லை. மெய் இல்லாத இடத்தில் ஒரு வட்டம் போட்டு இடத்தை நிரப்ப வேண்டும். அந்த வட்டத்துக்குச் சத்தம் கிடையாது. இதை அக்காவுக்குச் சொன்னேன்.

“வந்து உக்காந்துக்கும், ஆனா வாயைத் திறக்காதா?”

“ஆமாக்கா.”

“அப்ப அது நீதான்.”

அடியில் வந்தால் அதே வட்டத்துக்கு ங் என்ற சத்தம் உண்டு என்பதையும் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

வாக்கியம் எனக்கு எழுத்தைவிட எளிதாக இருந்தது. பள்ளியில் ஆங்கில வாக்கியம் என்றாலே எனக்கு நடுக்கம். வினை நடுவில் வந்து நின்றுகொள்ளும். அதற்குப் பின்னால் எதைப் போடுவது என்று தெரியாமல் விழிப்பேன். ஃபிட்டர் பேசிய கொரிய மொழி நம் வரிசையில் வந்தது. நூல், அதன் வாலில் ஒட்டிய ‘ஐ’, கொஞ்சம், கடைசியில் தளர்த்து. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. நம் ஐ, கு, இல் போலவே பெயருக்குப் பின்னால் சின்னச் சின்ன வால்கள். மரியாதையும் வினையின் வாலில்தான். நாம் வா, வாங்க என்பதுபோல அவர்கள் கடைசியில் ஒரு “யோ” சேர்க்கிறார்கள். அக்காவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. “எங்கூருல ‘ங்’ போடறாப்ல. அட, நம்மாளுதான் இவரு” என்றார்.

பெல்ட் மூடியின் மேல் ஃபிட்டர் எழுதியிருந்ததைத்தான் நான் முதலில் முழுதாகப் படித்தேன். கை என்றிருந்தது. உள்ளே விட என்றிருந்தது. விடச் சொல்கிறாரா, விடக் கூடாது என்கிறாரா என்பது கடைசிச் சொல் வந்த பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்றிருந்தது. தமிழிலும் அப்படித்தான் என்று அதற்கு முன் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் வேலை செய்யும் விதம் ஒன்று இருந்தது. தாளில் எதையும் எழுதமாட்டார். ஒரு ஹெட்டைச் சரிசெய்து முடித்ததும், நூலை இறுக்கும் திருகை எந்தப் பக்கம் எத்தனை சுற்று வைத்தார் என்பதைக் கறுப்பு மார்க்கரால் அந்த ஹெட்டின் நெற்றியிலேயே எழுதிவிடுவார். ஒவ்வொரு ஹெட்டுக்கும் கணக்கு வேறு. நான் பள்ளியில் காப்பி நோட்டு எழுதிய பழக்கத்தில், தினமும் மாலை கிளம்பும் முன் ஒரு ஹெட்டில் உள்ளதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். கை பழக வேண்டும் என்பதற்காக மட்டுமே எழுதினேன். ஒன்பதாவது ஹெட்வரை எழுதியிருந்தபோது அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு பத்தாவதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போகும்போது மெஷினைக் காட்டி, எழுத்தைக் காட்டி, சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் தலையாட்டினார். அவருக்கு அது கிறுக்கல்.

ஒரு மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்காமல் விடுவது என்பது, தீபாவளிக்குக் குளிக்காமல் இருப்பது போல. முதல் நாள் மதியமே ஓட்டத்தை நிறுத்தினோம். பூஜைக்கு முதலாளி குடும்பத்தோடு வருகிறார், மெஷின் கல்யாணப் பெண் மாதிரி இருக்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர். திருகுகளையெல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் போடச் சொன்னார். ஹெட்டின் மேலுள்ள மைக்கிறுக்கலையும் எடுத்துவிடச் சொன்னார். அக்கா ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் டின்னை வாங்கி வந்தார். துணியை நனைத்தது நான். துடைத்ததும் நான்.

இதை நான் மெதுவாகவே எழுத வேண்டும். முதல் ஹெட்டின் முன் துணியோடு நின்றபோது அதில் இருந்தது என் கண்ணில் பட்டது. பட்டதும் வாசித்தும் விட்டேன். இடப்பக்கம், அரைச் சுற்று. எனக்குப் படிக்க வந்தது. அந்தக் கம்பெனியில் எனக்கு மட்டும் வந்தது. சார், இது கிறுக்கல் இல்லை, இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். மற்ற பதின்மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைத்தேன். மண்ணெண்ணெயில் மை ஒரே இழுப்பில் போய்விட்டது. பன்னிரண்டையும் துடைத்தேன். அக்கா பின்னாலேயே வந்து, எழுத்து இருந்த இடத்திலெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கழுவிய திருகுகளைக் கண்மதிப்பில் திரும்ப மாட்டினோம். மேஜையின் இரு முனையிலும் வாழைக்கன்று கட்டினோம். பூசணிக்காய் உடைத்தார்கள். மெஷின் உண்மையிலேயே அழகாக இருந்தது.

விஜயதசமி விடுமுறை முடிந்து வந்து ஸ்விட்சைப் போட்டதும் முதல் ஹெட்டில் நூல் அறுந்தது. பிறகு நான்காவதில், ஏழாவதில். மதியத்துக்குள் ஒரு ஹெட்கூட நேராகத் தைக்கவில்லை. சில இடத்தில் துணியின் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டது. திருகுகளைக் கண்ணால் மதிப்பிட்டு மாற்றி மாற்றி வைத்த சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. தீபாவளி ஆர்டர் முழுவதும் அந்த மெஷினை நம்பி எடுத்திருந்தார்கள். முதலாளி வெளியே டெலிபோன் பூத்துக்குப் போய்க் கொரியாவுக்கு ஃபோன் போட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஃபிட்டர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாராம்: மெஷின் மேல் எழுதியிருக்கிறேன், மெஷின் மேல் எழுதியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். “யாரு ஒரெசித்து?” என்று கன்னடத்தில் கேட்டார். யார் துடைத்தது? துடைக்கச் சொன்னவரே அவர்தான். அதை யாரும் சொல்லவில்லை. அவர் ஸ்டோர் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். மண்ணெண்ணெய்க்கு நேராக அக்காவின் கையெழுத்து இருந்தது.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். ஒரே ஒரு முறைதான். நான் தரையைப் பார்த்தேன். மெஷினைப் பாழாக்கியவளை நிரந்தரம் செய்ய முடியாது, இனி வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அன்று ஒரு சொல்லும் பேசாமல், ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றார். அப்போதாவது நான் கூப்பிட்டிருக்கலாம்.

இரண்டு நாள் போனது. நோட்டு வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். ஒன்பது ஹெட்டுக்கும் வேண்டியது அதில் இருந்தது. அதை வெளியே எடுத்தால் மெஷின் ஓடும், அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் படிக்கத் தெரிந்தும் துடைத்தவள் நான் என்பதும் சேர்ந்தே வெளியே வரும். மூன்றாம் நாள் காலை நோட்டைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அதற்கு முன் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. வழியெல்லாம் மனதுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. நோட்டை மேஜை மேல் வைத்து, “நானே ஒரெசித்து” என்று மட்டும் சொன்னேன். நான்தான் துடைத்தேன்.

முதலாளி திட்டவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். இதைப் படிக்க வருமா என்று கேட்டார். தலையாட்டினேன். அன்று மாலைக்குள் ஒன்பது ஹெட்களைச் சரிசெய்தோம். நான் படித்துச் சொல்ல, சூப்பர்வைசர் திருகினார். மூன்று ஹெட் கடைசிவரை சரியாகவில்லை. அவற்றைக் கட்டி வைத்துவிட்டு ஒன்பதிலேயே ஓட்டினோம். கை கழுவும் குழாயடியில் சூப்பர்வைசர் என்னிடம், தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான்.

அக்காவைத் திரும்பக் கூட்டி வா, நிரந்தரம் செய்துவிடலாம் என்றார் முதலாளி. மாலையே அக்கா குடியிருந்த வரிசை வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. முந்தின நாளே பிள்ளைகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அதே நாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கொள்ளேகால் பஸ் ஏறி, அங்கிருந்து ஹனூர் வழியாக ராமாபுரம் போனேன். அக்கா யாருடைய காட்டிலோ கூலிக்கு நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வரப்புக்கு வந்தார். நான் கும்பிட்டேன். முதலாளி சொன்னதைச் சொன்னேன். நான்தான் துடைத்தேன் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

“நீ தொடச்சதை நான் பாத்துட்டுத்தானே இருந்தேன் அம்மிணி.”

“அப்ப ஏங்க்கா சொல்லலை?”

“சொன்னா உன்னை நிறுத்துவாங்க. கொரியாக்காரன்கிட்ட பாடம் படிச்சவள்னு அதுக்கு மேல ஒரு பேரு வேற. நீயே சொல்லுவேன்னு பாத்தேன்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வாசல்லகூட பாத்தேன்” என்றார்.

வாங்கக்கா, போகலாம் என்று எப்படியோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று. கணவரை மறுபடி பஸ்ஸில் தூக்கி ஏற்ற முடியாது. வருகிற வழியெல்லாம் அவர் கத்திய கத்தலை இன்னொரு தரம் கேட்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்துபோன ஒரு துணியை மடித்து வைப்பது போலச் சொன்னார்.

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். மடியிலிருந்த பச்சை நிலக்கடலையை என் பையில் போட்டார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்:

“அப்படி என்னதான் அம்மிணி எழுதியிருந்தாரு, அந்தப் பாவம்?”

“மொத ஹெட்டுலயா? நூலைக் கொஞ்சம் தளர்த்துங்க. இடப்பக்கம் அரைச் சுத்து.”

அக்கா என் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க்கா.”

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா காட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனியில் இன்னும் பல வருஷம் இருந்தேன். நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறது. பத்தாவது பக்கத்தின் உச்சியில் பத்து என்று எண் மட்டும் போட்டிருக்கிறேன்.